பழைய வால்வு ரிக்குக்குச் சத்தம் போடாத ஃபேன்: தேர்வு முதல் பொருத்துவது வரை

பழைய வால்வு ரிக் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் பெட்டி) ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, சுவிட்சைப் போட்டு, டயலில் மஞ்சள் வெளிச்சம் வந்ததும் ஒரு சந்தோஷம் வருமே, பின்னால் இருக்கும் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அதில் பாதி போய்விடும். ஐம்பது வருடம் ஓடிய ஃபேன். எண்ணெய் வற்றி ஒரு கிர்ர், அதற்கடியில் ஒரு உறுமல். இரவில் 40 மீட்டர் பேண்டில் மெல்லிய சிக்னல் ஒன்றைக் காது கொடுத்துக் கேட்கும்போது அந்த உறுமல்தான் முதலில் கேட்கும். பேசினால் எதிர்முனையில் இருப்பவர் "பின்னால் என்ன மோட்டார் ஓடுது?" என்று கேட்பார்.

உடனே எல்லோரும் செய்வது, அட்டையில் டெசிபெல் எண் குறைவாகப் போட்டிருக்கும் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். 6146பி என்ற ஃபைனல் வால்வு (ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியைக் கொடுக்கும் வால்வு) இரண்டு இருக்கும் ஒரு ரிக்கில் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைப் போட்டேன், சத்தமே இல்லை, ஆஹா என்று இருந்தது. அரை மணி நேரம் பேசிவிட்டு மேல்மூடியில் கை வைத்தவன் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் போகவில்லை. பழைய ஃபேன் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளாமலே அதைக் கழற்றியது என் தப்பு. அதனால் இந்த வழிகாட்டி புது ஃபேனில் ஆரம்பிக்காமல் பழைய ஃபேனில் ஆரம்பிக்கிறது.

மூடியைத் திறப்பதற்கு முன்

எஃப்டி-101, டிஎஸ்-520 மாதிரி 100 வாட் வகை ரிக்குகளிலேயே வால்வின் ப்ளேட்டுக்குப் போகும் மின்னழுத்தம் 600 முதல் 800 வோல்ட் வரை இருக்கும். எஸ்பி-220 மாதிரி லீனியரில் (ரிக்கின் சக்தியைப் பெருக்கும் தனிப் பெட்டி) அது 2,000 வோல்ட்டைத் தாண்டிப் போகும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சில நிமிடம் காத்திருங்கள், ரெசிஸ்டர் வைத்த காப்புப் பிடிக் கம்பியால் கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்யுங்கள், அப்புறம் மீட்டர் வைத்து பூஜ்யம் என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கெபாசிட்டர்களைத் தானாக டிஸ்சார்ஜ் செய்ய உள்ளே இருக்கும் ப்ளீடர் ரெசிஸ்டரை நம்ப வேண்டாம், அதற்கும் ஐம்பது வயது ஆகிறது.

படி 1: பழைய ஃபேனை அளந்து எழுதி வையுங்கள்

ஓரளவுக்காவது சுற்றுகிறது என்றால் கழற்றாதீர்கள். முதலில் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பின்பக்கம் நீட்டிப் பிடித்து, காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பாருங்கள். சில ரிக்குகளில் உள்ளே தள்ளும், சிலவற்றில் வெளியே இழுக்கும். முன்பு வைத்திருந்தவர் யாராவது திருப்பிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, எனவே சர்வீஸ் மேனுவலில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு போதும். ஒன்று காற்று உள்ளே நுழையும் இடத்தில், இன்னொன்று வெளியேறும் இடத்தில், இரண்டும் பெட்டிக்கு வெளியே. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் இணைத்து, மூடியெல்லாம் போட்ட நிலையில், பத்து நிமிடம் ரிசீவில் விட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் வழக்கமாகப் பேசுகிற மாதிரி பேசி, விட்டு, பேசி, மறுபடி குறியுங்கள். மோர்ஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, பழைய ஃபைனல் வால்வு அதைத் தாங்காது. ரிசீவில் 5 டிகிரி, பேசும்போது 12 டிகிரி என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்தான் உங்கள் பழைய ஃபேனின் ஜாதகம். புது ஃபேன் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இந்த எண்களைப் பெரிதாகத் தாண்டக் கூடாது.

அப்புறம் ஃபேனுக்குப் போகும் மின்சாரம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுவரில் 230 வோல்ட் இருப்பதால் ஃபேனுக்கும் 230 என்று நினைத்துவிடாதீர்கள். பல பழைய பெட்டிகளில் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி இரண்டு பாதியாக இருக்கும், ஃபேன் ஒரு பாதியில் மட்டும் தொங்கும். எஸ்பி-220-இல் அப்படித்தான், பெட்டி 240-இல் ஓடினாலும் ஃபேன் 120-இல்தான் ஓடுகிறது. அதில் 230 வோல்ட் ஃபேனை மாட்டினால் அது சோம்பலாகச் சுற்றும். நீங்களும் அமைதியாக ஓடுகிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

படி 2: வாங்குவதற்கு முன் எண்ணெய் போட்டுப் பாருங்கள்

பழைய ஏசி ஃபேன்களில் பாதிக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். உள்ளே வெண்கல புஷ், அதைச் சுற்றி எண்ணெய் குடித்து வைத்திருக்கும் ஃபெல்ட். காலப்போக்கில் அந்த எண்ணெய் பிசினாகிவிடும். இதழைக் கழற்றி, தண்டையும் புஷ்ஷையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த பிறகு மோட்டாருக்கான மெல்லிய எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கையால் சுழற்றிப் பாருங்கள். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம். அதில் பெரும்பகுதி கரைப்பான், அடித்தவுடன் அற்புதமாகச் சுற்றும், சில வாரத்தில் முன்பைவிட மோசமாகக் கத்தும். தண்டு புஷ்ஷுக்குள் பக்கவாட்டில் ஆடினால் தேய்மானம் வந்துவிட்டது, அப்போது மாற்ற வேண்டியதுதான். மோட்டார் சுருளில் சுற்றியிருக்கும் துணி கருகியிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

படி 3: எவ்வளவு காற்று வேண்டும்

பழைய ஃபேன் முழுக்க இறுகிப்போய் அளக்க வழியில்லை என்றால் கணக்குதான் வழி. வெப்பத்தை வாட்டில் எடுத்து 3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி சூடேறலாம் என்று அனுமதிக்கிறீர்களோ அதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்று வரும். அதை 1.7-ஆல் வகுத்தால் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி.

6146பி இரண்டு என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ப்ளேட்டில் அதிகபட்சம் 35 வாட், ஹீட்டருக்கு 7 வாட். இரண்டுக்கும் சேர்த்து 84, டிரைவர் வால்வையும் சுற்றியிருப்பதையும் சேர்த்து 100 வாட் என்று வையுங்கள். 10 டிகிரி ஏறலாம் என்றால் மணிக்கு 30 கன மீட்டர். ஆனால் ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் எண், எதிரே எதுவுமே இல்லாத திறந்த வெளியில் அளந்தது. துளைத் தகடு, வால்வுக் கூண்டு, மூடி எல்லாவற்றையும் தாண்டி அதில் பாதி கிடைத்தால் பெரிய விஷயம். எனவே அட்டையில் 60 போட்டிருப்பதைத் தேடுங்கள்.

லீனியர் கதை வேறு. 3-500இசட் வால்வின் ஃபிலமென்ட் 5 வோல்ட்டில் 14.6 ஆம்பியர் இழுக்கும், அதாவது 73 வாட். இரண்டு வால்வு என்றால் நீங்கள் மைக்கைத் தொடுவதற்கு முன்பே 146 வாட் வெப்பம் உள்ளே இருக்கிறது. அதனால் ஸ்டாண்ட்பையில் சும்மா இருக்கும்போது ஃபேனை நிறுத்திவிடலாம் என்ற யோசனை இந்த வால்வுக்குச் செல்லாது. இதில் ப்ளேட் செந்நிறமாகத் தெரிவது பயப்பட வேண்டியதல்ல, அது அப்படித்தான் வேலை செய்யும். பயப்பட வேண்டிய இடம் கீழே: கண்ணாடியும் உலோகமும் சேரும் சீல், ஃபிலமென்ட் பின்கள். பின்னுக்குள் இருக்கும் ஈயப்பற்று உருகி வழிந்து, தொடர்பு விட்டு, "வால்வு போய்விட்டது" என்று ஒதுக்கிவைக்கப்பட்ட 3-500இசட்கள் நிறைய. அவற்றில் பல, பின்னைச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்தால் உயிர் பெற்றுவிடும். இந்த மாதிரி வால்வில் மொத்தக் காற்றின் அளவைவிட, சாக்கெட் பக்கம் காற்று போகிறதா என்பதே முக்கியம்.

4சிஎக்ஸ்250பி மாதிரி, துடுப்புகளுக்கு நடுவே காற்றை அழுத்தித் தள்ள வேண்டிய பீங்கான் வால்வுகளில் சாதாரண ஃபேனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். முழுத் திறனில் அதற்கு வேண்டிய காற்றழுத்தம் 20 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவு, நல்ல கம்ப்யூட்டர் ஃபேன் கொடுப்பது 2, 3 மில்லிமீட்டர். அங்கே இருக்கும் உருளை ப்ளோவர் இருக்கட்டும். சத்தம் பொறுக்கவில்லை என்றால் ப்ளோவரை மேசையை விட்டுத் தள்ளிவைத்து அகலமான குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுவாருங்கள்.

படி 4: ஏசியா, டிசியா

ஏசி ஃபேனின் பெரிய நற்குணம் அதில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை என்பது. ரேடியோவுக்குள் ஒரு சின்ன இரைச்சல்கூட வராது, ஆர்எஃப் (ரேடியோ அலைச் சக்தி) பட்டாலும் அதற்குக் கவலையில்லை. குறை, வேகம். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 2,600, 2,700 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 3,000-க்கு மேல். எந்த 120 மில்லிமீட்டர் ஃபேனும் அந்த வேகத்தில் அமைதியாக இருக்காது. ஈபிஎம்-பாப்ஸ்ட் 4650என் நல்ல உருப்படி, மணிக்கு 160 கன மீட்டர் தள்ளும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். அதைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டி அடக்கலாம், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். செய்தால் ஒன்றைச் சோதியுங்கள்: ஃபேன் முழுதாகக் குளிர்ந்த பிறகு, மெயின்ஸ் கொஞ்சம் குறைவாக இருக்கும் நேரத்தில், பத்துப் பதினைந்து முறை ஆன் செய்து ஒவ்வொரு முறையும் தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஒரு முறை தயங்கினாலும் மின்னழுத்தத்தை ஏற்றிவிடுங்கள். இன்னொன்று, இந்த மோட்டாரின் காந்தப்புலம், அலைவரிசையை அமைக்கும் விஎஃப்ஓவுக்கோ ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மருக்கோ அருகில் இருந்தால் ஹம் ஏறும்.

டிசி ஃபேன் அமைதியில் ராஜா, ஆனால் உள்ளே ஒரு சின்ன சிப் சுருள்களை ஆன், ஆஃப் செய்துகொண்டே இருக்கிறது. சிலவற்றில் அது எச்எஃப் (ஷார்ட்வேவ்) முழுக்கப் புல் பூண்டு மாதிரி இரைச்சலை முளைக்கவைக்கும். நான்கு கம்பி உள்ள பிடபிள்யூஎம் ஃபேனை (வேகத்தைத் துடிப்புகளால் கட்டுப்படுத்தும் வகை) 25 கிலோஹெர்ட்ஸ் கட்டுப்பாட்டோடு ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று கம்பி ஃபேனை வாங்கி, சுத்தமான டிசியில், மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதுதான் ரேடியோக்காரனுக்குச் சரி. வாங்கியதும் ரிக்கில் மாட்டாதீர்கள். பேட்டரியில் ஓட்டி, ஆன்டெனாவுக்குப் பதிலாக இரண்டு அடி ஒயரை ரிக்கில் சொருகி, ஃபேனை அதன் பக்கத்தில் கொண்டுபோய், 160 முதல் 10 மீட்டர் வரை எல்லா பேண்டிலும் டயலைச் சுற்றிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை. லேசான இரைச்சல் என்றால் ஃபேனின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் கெபாசிட்டரும் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் வைத்து, ஒயரை 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றினால் அடங்கிவிடும். அப்படியும் அடங்காத ஃபேனோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அளவும் வேகமும்

பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுங்கள். காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறைகிறது, சத்தமோ அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைகிறது. வேகத்தை 70 சதவீதமாக்கினால் காற்று 30 சதவீதம்தான் குறையும், சத்தம் 7, 8 டெசிபெல் இறங்கிவிடும். பாதியாக்கினால் 15 டெசிபெல். ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் விழுகிறது, பாதி வேகத்தில் கால் பங்கு அழுத்தம்தான் மிச்சம். அடர்ந்த கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ஃபேனை ரொம்ப அடக்கினால் அது சும்மா இருந்த இடத்திலேயே காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும். என் 80 மில்லிமீட்டர் ஃபேன் செய்தது அதைத்தான்.

அட்டையில் டெசிபெல்லை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு நாக்டுவாவின் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களே உதாரணம். என்எஃப்-எஸ்12ஏ மணிக்கு 107.5 கன மீட்டர், 17.8 டெசிபெல். என்எஃப்-எஃப்12 93.4 கன மீட்டர், 22.4 டெசிபெல். காகிதத்தில் முதலாவதுதான் ஜெயிக்கிறது. ஆனால் அதன் அழுத்தம் 1.19 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 2.61. பின்பக்கம் பெரிய திறப்பு இருந்து காற்று தாராளமாகப் போகும் பெட்டிக்கு முதலாவது, சின்னத் துளைகளும் கூண்டும் தடுக்கும் இடத்துக்கு இரண்டாவது. எஃப்12 நான்கு கம்பி ஃபேன், அதன் பிடபிள்யூஎம் கம்பியைச் சும்மா விட்டுவிட்டால் சாதாரண ஃபேனாக ஓடும். வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் டெசிபெல் கடைசி.

திருகுத் துளைகளின் இடைவெளி 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 105, 92-க்கு 82.5, 80-க்கு 71.5. பழைய 120 மில்லிமீட்டர் ஏசி ஃபேன்களும் இதே 105-தான், எனவே பழைய ஓட்டையிலேயே புதியது உட்காரும். தடிமன் மட்டும் 38-க்குப் பதில் 25 ஆக இருக்கலாம்.

படி 6: பேரிங்

சாதா ஸ்லீவ் பேரிங் மலிவு, புதிதில் மிக அமைதி. வெப்பத்தில் எண்ணெய் ஆவியாகிவிடும். லீனியரின் மேல்மூடியில் படுக்கவைத்துப் பொருத்தினால் இன்னும் சீக்கிரம். பால் பேரிங் எந்த நிலையிலும் ஓடும், வெப்பம் தாங்கும், ஆனால் ஆரம்பத்திலிருந்தே மெல்லிய ஒரு சீறல் இருக்கும், வயதாக ஆக அது கூடும். திரவப் பேரிங் வகைகள் இரண்டுக்கும் நடுவே, என் ஓட்டு அதற்குத்தான். வால்வின் சூடான காற்று நேராக ஃபேன் வழியாகவே வெளியேறும் அமைப்பு என்றால் மட்டும் பால் பேரிங். ஆயுள் எண்ணைப் படிக்கும்போது அதன் பக்கத்தில் என்ன வெப்பநிலை போட்டிருக்கிறது என்று பாருங்கள். 40 டிகிரியில் சொன்ன எண் 60 டிகிரியில் செல்லாது.

படி 7: டிசி ஃபேனுக்கு மின்சாரம்

ரிக்கில் ஏற்கெனவே 12 வோல்ட் டிசி இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு ரெசிஸ்டர் போதும். 0.1 ஆம்பியர் என்று போட்ட 12 வோல்ட் ஃபேன் 8 வோல்ட்டில் சுமார் 0.065 ஆம்பியர் எடுக்கும், மிச்சம் 4 வோல்ட்டை விழவைக்க 60 ஓம் பக்கம், 1 வாட் ரெசிஸ்டர். 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில ஃபேன்கள் கிளம்பாது, இங்கேயும் அதே குளிர் நிலைச் சோதனை.

இல்லையென்றால் வால்வு ஹீட்டருக்காக ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் சுருளிலிருந்து எடுப்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுக்கிறார்கள். ஹீட்டர் சுருளின் ஒரு முனை பெரும்பாலும் சேசிஸில் (பெட்டியின் உலோகச் சட்டகத்தில்) இணைந்திருக்கும். அதில் நான்கு டையோடு பிரிட்ஜைப் போட்டு, பிரிட்ஜின் மைனஸையும் சேசிஸில் இணைத்தால், ஒரு டையோடு வழியாகச் சுருள் ஒவ்வொரு ஏசி சுற்றிலும் ஓர் அரைச் சுற்றில் நேராக ஷார்ட் ஆகும். கிடைக்கவே கிடைக்காத பழைய ட்ரான்ஸ்ஃபார்மர், புகை, அவ்வளவுதான். 12.6 வோல்ட் சுருள் என்றால் ஒரே டையோடு, 2,200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர், 17 வோல்ட் பக்கம் கிடைக்கும், பின்னால் எல்எம்317 ரெகுலேட்டர் வைத்து 7-இலிருந்து 10-க்குள் எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்துங்கள். 6.3 வோல்ட் சுருள் என்றால் இரண்டு டையோடு, இரண்டு கெபாசிட்டர் கொண்டு மின்னழுத்தத்தை இரட்டிக்கும் டபுளர், அது ஒரு முனை சேசிஸில் இருந்தாலும் வேலை செய்யும்.

ஓர் ஆசை இருந்தால் இதையும் சேருங்கள்: கேஎஸ்டி301 என்ற பைமெட்டல் சுவிட்ச், 50 டிகிரியில் மூடும் வகை. ரெசிஸ்டர் வைத்து ஓட்டுகிறவர்கள் அதை ரெசிஸ்டருக்குக் குறுக்கே இணைத்து, காற்று வெளியேறும் இடத்தில் உள்ள தகட்டில் திருகிவிடலாம். பேசும்போது சூடேறினால் ஃபேன் முழு வேகத்துக்குப் போகும், ஆறியதும் தானாக இறங்கும்.

படி 8: பொருத்துவது

வாங்கிய அமைதியில் பாதியை இங்கே இழக்கலாம். ஃபேனைத் தகட்டில் நேராகத் திருகினால் மொத்தப் பெட்டியும் ஸ்பீக்கர் மாதிரி அதிரும். ரப்பர் புஷ் அல்லது சிலிகான் பின் போடுங்கள். உலோகச் சட்டமுள்ள ஏசி ஃபேனுக்கு அப்படி ரப்பர் வைத்தால் எர்த் ஒயரைத் தனியாக இணைக்க மறக்காதீர்கள். காற்று நுழையும் பக்கத்தில் கிரில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதழ் ஒவ்வொரு கம்பியைக் கடக்கும்போதும் ஒரு விசில் வரும், 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பெரும்பாலும் போய்விடும். துளை போட்ட தகட்டைவிட வட்டக் கம்பி கிரில் எவ்வளவோ மேல். தூசிக்கு என்று ஸ்பாஞ்ச் வடிகட்டி வைத்தால் காற்று கணிசமாகக் குறையும், நான் வைப்பதில்லை, வருடத்துக்கு ஒருமுறை பிரஷ் எடுத்துச் சுத்தம் செய்துவிடுகிறேன்.

டிசி ஃபேனை வால்வுக் கூண்டுக்குள் வைக்காதீர்கள். அங்கே இருக்கும் ஆர்எஃப் அதன் சிப்பைக் குழப்பும், சில ஃபேன்கள் கீ அழுத்தும்போது மட்டும் நின்றுவிடும். காற்று வேண்டிய நேரம் பார்த்து நின்றுவிடும் ஃபேனைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அப்போது நாம் பேசிக்கொண்டிருப்போம். கூண்டின் தகடு நடுவில் இருக்க, ஃபேன் வெளியே இருக்கட்டும்.

படி 9: மறுபடி அளப்பது

மூடியெல்லாம் போட்டு, அதே இரண்டு தெர்மாமீட்டர், அதே டம்மி லோடு, அதே பத்து நிமிடம். படி 1-இல் எழுதிய எண்ணோடு வையுங்கள். ஒன்றிரண்டு டிகிரி கூடினால் பரவாயில்லை, ஐந்து கூடினால் மின்னழுத்தத்தை ஒரு வோல்ட் ஏற்றி மறுபடி பாருங்கள். அகச்சிவப்பு தெர்மாமீட்டர் கண்ணாடியில் ஓரளவு சரியாகக் காட்டும், பளபளப்பான உலோகத்தில் பொய் சொல்லும். அதற்காக மூடியைத் திறந்துவைத்து அளக்கவும் கூடாது. மின்னழுத்தம் ஒரு பக்கம் இருக்க, மூடி இல்லாதபோது காற்றின் பாதையே மாறிவிடும், எண்ணுக்கு அர்த்தமிருக்காது. கூடவே விஎஃப்ஓவையும் கவனியுங்கள். காற்றோட்டம் மாறியதால் முன்பு நிலையாக நின்ற அலைவரிசை மெல்ல நகர ஆரம்பித்தால், சூடான காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய ஃபேனைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் திருகுகளோடு ஒரு பையில் போட்டு, எந்த ரிக், எந்தப் பக்கம் காற்று, எத்தனை வோல்ட் என்று சீட்டு எழுதி வையுங்கள். இன்னொரு சீட்டில் புது ஃபேனின் மின்னழுத்தத்தையும் அந்த இரண்டு வெப்பநிலையையும் எழுதி மேல்மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். என் ரிக்கில் இருப்பது "7.8 வோல்ட், 6 டிகிரி, 13 டிகிரி", 80 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு 120 போட்ட அன்று எழுதியது.